கல்வேலி எந்தப் பக்கம் விழுந்தது

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இரண்டு வருடங்களுக்கு முன், மாரி தொடங்கிய நாட்களில், நெடுந்தீவில் எங்கள் வீட்டில் நடந்தது. மனைவியின் தங்கை, என் மச்சாள், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல்முறை தர்க்கக் கேள்விகளில்தான் சறுக்கியிருந்தாள். ஒரு சின்னப் பந்தியைத் தந்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்களாம்.

பின்னேரங்களில் அந்தப் பந்திகளை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மனைவி குசினி அடுப்படியிலிருந்து, "இந்த மனுசன் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை சோதினையே முடிஞ்சிடும்" என்பாள். நான் வெட்கத்தில் எழும்பப் பார்ப்பேன்.

"இருங்கோ அத்தான். ஓடி ஓடி வாசிச்சுத்தான் போனமுறை விழுந்தனான். உங்கடை வேகம்தான் எனக்கு வேணும்" என்பாள் மச்சாள்.

ஒரு கேள்வி நினைவிருக்கிறது. விடியமுன் போன வள்ளங்களெல்லாம் மீனோடு வந்தன. இந்த வள்ளமும் மீனோடு வந்தது. ஆகவே இது விடியமுன் போனதா? நான் "ஓம்" என்றேன்.

"பிந்திப் போன வள்ளத்துக்கு மீன் படாதெண்டு எங்கை சொல்லியிருக்கு?"

திரும்ப வாசித்தேன். எங்கும் இல்லை. விடையாக இருக்க முடியாதவற்றை முதலில் வெட்டுவாள். சொல்லாத எதையும் தானாகச் சேர்க்கமாட்டாள். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால், கடற்பாறைக் கல்லை வெறுமனே அடுக்கிய எங்கள் முருகைக்கல் வேலி சரிந்து கிடந்தது. பயற்றங்கொடியில் அரைவாசி இல்லை. நடுவில் ஒரு நாம்பன் மாடு, இளங்காளை, நின்றது. அதன் தொடையில் சுட்டிருந்தது அயல்வீட்டு அண்ணையின் குறி.

ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படுகிற எனக்கு அன்று எங்கிருந்தோ வாய் வந்தது. அவருடைய படலை வாசலில் நின்று, மாட்டைப் பிரதேச சபையில் ஒப்படைத்துத் தண்டம் கட்டவைக்கப்போகிறேன் என்று சத்தம் போட்டேன். அவருக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான்.

"என்ரை மாடு கல்லிலை முட்டாது, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் திரும்பி வந்து, மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது மச்சாள் வந்து மறித்தாள்.

"மாடு உள்ளுக்கை நிண்டது. அதுதானே எங்களுக்குத் தெரியும். அது உடைச்சதெண்டு ஆர் கண்டது?"

"வேறை ஆர்?"

"வாங்கோ, பாப்பம்."

ஒரு கல்கூட எங்கள் வளவுக்குள் விழவில்லை. எல்லாம் வெளியே, ஒழுங்கைப் பாதையில் கிடந்தன. அப்படியென்றால் உள்ளேயிருந்துதான் ஏதோ தள்ளியிருக்கிறது. மாட்டுக் கொட்டிலடியில், கன்றுக்குப் பக்கத்தில், எங்கள் பசு அறுந்த கயிற்றோடு நின்றது. நெஞ்செல்லாம் வெள்ளைக் கல்தூள். வழக்கம்போலப் படலை இடுக்கால் ஒழுங்கைக்குப் போய்விட்ட கன்றுக்காக முட்டித் தள்ளி, அதைக் கூட்டிவந்திருக்கிறது. நாம்பன் திறந்த வழியால் வந்ததுதான்.

"கேள்வியை அவ்வளவு ஆறுதலா வாசிக்கிற நீங்கள், வேலியை ஓடிப் பாத்திட்டியள்" என்றாள்.

மாட்டைத் திரும்பக் கொண்டுபோய், தலையைக் குனிந்துகொண்டு, "பிழை என்னிலைதான் அண்ணை" என்றேன். அவர் மாட்டின் வயிற்றைத் தடவி, "இண்டைக்கு இவனுக்குத் தீன் போடத் தேவையில்லை" என்றார். வேலியை இருவருமாகத்தான் அடுக்கினோம்.

மச்சாள் இப்போது கொழும்பில் சட்டம் படிக்கிறாள். யார்மேலாவது குற்றம் சொல்ல வாய் வரும்போதெல்லாம், எனக்கு உண்மையில் தெரிந்தது எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கிறேன். அது எப்போதும் நான் நினைத்ததைவிடக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்தது: தை மாதம் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.