தொட்டில் துடைக்கிற வேலை

அருங்காட்சியகத்தில் வேலை என்றால் பெரிய படிப்புப் படித்தவள் என்று நினைப்பீர்கள். என் கையில் இருந்தது சாவிக்கொத்தும் கூட்டுகிற தும்புக்கட்டையும்தான். தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோவின் கால்சாப் பகுதியில், எப்போதோ செத்துப்போன ஒரு சிசிலியக் கவிஞர் பிறந்த வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். மூன்று அறை, ஒரு மேசை, ஒரு தொட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு கடிதம். பொறுப்பாளர் அம்மா காலையில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நேரம் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் தலையில். அடுத்தவர் வீட்டுச் சாவியோடு சீவித்தவர்களுக்கு இந்தப் பாடு விளங்கும்.

கரைச்சல் இல்லாத ஐயா

அங்கே எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்கு வயதுபோனவர்களைப் பராமரிக்கிற வேலை. ஒரு நாள் பல்லரோச் சந்தையில் சாந்தியக்கா கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊரான பகேரியாவில் அவர் பார்க்கிற கிழவர் முதல் நாள் சூப்புக் கோப்பையைத் தூக்கி எறிந்திருந்தார். அந்தக் கதையை முடித்துவிட்டு, நான் பார்க்கிறவர் எப்படி என்று கேட்டார். கவிஞர் என்றேன். சாப்பிடக் கரைச்சல் தாறவரோ, நித்திரையால் எழுப்புறவரோ என்று அக்கா அடுக்கிக்கொண்டே போக, அவர் செத்து நூறு வருசம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, இந்த வேலையை மட்டும் விட்டிடாதை."

ஸ்லோவாக்கியாக்காரர்

இன்னொரு நாள் ஒரு மனிதர் வந்தார். கடிதங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூரையில் ஈரம் ஊறிய இடத்தைப் பார்த்தார். ஜன்னல் கொளுக்கியை ஆட்டினார். குனிந்து தொட்டிலின் அடியில் விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். யாரோ பரிசோதகர் என்று நினைத்துவிட்டேன். ஓடிப்போய்த் துணியை எடுத்து வந்தேன்.

அவர் சிரித்துவிட்டு, தெரிந்த இத்தாலியனில் விளக்கினார். ஸ்லோவாக்கியாவில் அவருடைய ஊரிலும் ஒரு கவிஞர் பிறந்த வீடு இருக்கிறதாம். அதற்கு இவர்தான் காவல். விடுமுறையில் வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லையாம். பிறகு இரண்டு பேரும் மரத்தைப் பூச்சி அரிப்பது பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம். என் மனுசனோடுகூட நான் அவ்வளவு ஒத்துப்போய்க் கதைத்ததில்லை. இங்கே வெயில் கூடினால் நிழலுக்குத்தான் சனம் வரும் என்று ஒப்புக்கொண்டு, அங்கே கவிதைக்கு எப்படிக் கூட்டம் என்று கேட்டேன்.

"மழை பெய்தால் வருவினம்."

பக்கத்து வீட்டுக் குசினி

அடுத்த வீட்டு ஆச்சி சிஞ்ஞோரா ரோசாலியாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கவிஞர் எங்கள் தொட்டில் அறையில் பிறக்கவேயில்லை என்பது அவருடைய கட்சி. கவிஞரின் தாய் உப்பு வாங்க இவர்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் நோக்காடு கண்டு, சமைக்கிற குசினியிலேயே பிள்ளை பிறந்துவிட்டதாம். என்னைக் காணும்போதெல்லாம் இதைச் சொல்லி முறைப்பார்.

ஒருமுறை, இது உண்மையிலேயே பிறந்த வீடுதானா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போகிறார், இல்லையென்றால் பூட்டிவிடுவார்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். எனக்கு அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதம் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது. ரோசாலியாவிடம் போனேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நானும் இருந்து உரித்தேன். பொய் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. என் நிலைமையை மட்டும் சொன்னேன். அவர் இன்னொரு கைப்பிடி பட்டாணியை என் பக்கம் தள்ளினார்.

அதிகாரி வந்த அன்று ரோசாலியா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூப்பிடாமலே வந்து நின்றார். அயலில் யாருக்காவது ஏதும் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். ரோசாலியா தொட்டிலைக் காட்டி, இங்கேதான் பிறந்தார், எங்கள் குடும்பத்துக்கே தெரியும் என்று சத்தியம் செய்தார். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். வீடு தப்பியது.

பின்னேரம் நன்றி சொல்லப் போனேன். எனக்காகப் பொய்ச் சத்தியம் செய்தீர்களே என்று கண் கலங்கினேன். அவர் சட்டியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"உனக்காக மட்டும் இல்லை. என்ரை குசினி எண்டு எழுதினால் நாளைக்கு ஊர் உலகம் எல்லாம் இஞ்சை வந்து நிக்கும். பேந்து நான் எங்கை சமைக்கிறது?"

கவிஞர்கள் எங்கே பிறந்தாலும், கூட்டித் துடைக்க ஆள் இருக்கிற வீட்டில்தான் பிறந்ததாக எழுதப்படுவார்கள் என்பதே அந்த வேலையில் நான் படித்த இலக்கியம்.