கூடிப்போன இரண்டு கிலோ

புற்றுநோய் வார்டில் அவளுக்கு வெண்ணெய் மேடம் என்று பெயர். மற்ற உணவு ஆலோசகர்கள் வெண்ணெயைக் கண்டால் காத தூரம் ஓடச் சொல்வார்கள். இவளோ எதைக் கொடுத்தாலும் மேலே ஒரு கரண்டி வெண்ணெய் போடச் சொல்வாள். நோயாளிகளுக்குச் சொல்வதையெல்லாம் முதலில் தானே ருசி பார்த்துவிடுவதால், வார்டில் சதை போட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கே தண்ணி காட்டியவர் ஒரு பஸ் டிரைவர். கீமோ ஏறியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருக்கிறது என்பார். மர ஸ்பூன் கொடுத்துப் பார்த்தாள். வாடை எழும்பாதபடி ஆறவைத்துச் சாப்பிடச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடச் சொன்னாள். ஒன்றும் எடுபடவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுவாரம் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது! மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெண்ணெய் வென்றுவிட்டது என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டாள். பிறகுதான் டிரைவரின் பேன்ட் கண்ணில் பட்டது. அது நழுவாமல் அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கூடிய இரண்டு கிலோ எங்கேதான் போய் உட்கார்ந்தது?

மேடம் குனிந்து பார்த்தாள். டிரைவருக்குப் பின்னால், பரம சாதுவாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர் மனைவியின் கால் கட்டைவிரல், எடை மெஷினின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"கீமோவ தள்ளிப்போட்டுட்டா?" அந்த அம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எடைய வச்சுத்தாம்மா மருந்து அளவே போடுவாங்க. இல்லாத எடைக்கு ஏத்திட்டா இவரு தாங்குவாரா?" என்ற மேடம் அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்த அந்தக் கையில் வாட்ச் முழங்கை வரை சரிந்து கிடந்தது. "நீங்க எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"அவரு சாப்பிட்டதும் சாப்பிடலாம்னு..."

"அவருதான் சாப்பிடறதே இல்லையே!"

டிரைவர் அப்போதுதான் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறுடி மெஷின்ல" என்றார். ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் குண்டம்மா என்றே கூப்பிட்டுக் கிண்டலடித்த மனிதர், குனிந்து எண்ணை இரண்டு தடவை படித்தார்.

பையிலிருந்த டப்பாவைத் தானே எடுத்துத் திறந்தார். வேகவைத்த முட்டை இரண்டு இருந்தது. ஒன்றை அவள் கையில் திணித்தார், மற்றதைக் கடித்தார். முகம் அஷ்டகோணலானது. ஆனாலும் விழுங்கினார்.

"மேடம், இனிமே ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுங்க. இவ பட்டினி கிடந்து போய்ச் சேந்துட்டா, நான் பிழைச்சு வந்து யார்கூட சண்டை போடறது?"