சிப்பி வைத்த கத்தி

பாம்பன் மீன் வெட்டும் கூடத்திலிருந்து வலது கையில் துணி சுற்றிக்கொண்டு நடக்கிறேன். ராமேஸ்வரத்தில் வாங்கிய என் கத்தி, மீன் கொழுப்பில் வழுக்கி விரல்களைக் கிழித்துவிட்டது. வேலையும் போய்விட்டது.

சாலையோரம் மீன் வெட்டும் அக்கா என் கத்தியை வாங்கிப் பார்க்கிறார். பிடி முழுக்கச் சிப்பி பதித்திருக்கிறது.

"ஏலே, இது மீன் வெட்டவா, ஷோகேஸ்ல வைக்கவா?"

"அழகா இருந்துச்சுக்கா."

"அழகு புடிமானம் குடுக்குமா? இங்கன பாரு."

அவர் தன் கத்தியின் பிடியில் பழைய வலைநூலை இறுக்கிச் சுற்றியிருக்கிறார். எவ்வளவு ஈரம் பட்டாலும் அது நழுவுவதில்லை.

"புண்ணு ஆறுற வரைக்கும் மீனத் தொடாத. சீழ் வச்சிரும்."

மறுநாள் காலை ராமேஸ்வரத்தில் வேலை கிடைக்கிறது. சங்குக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, இடது கையால் கத்திப் பிடிகளில் சிப்பி ஒட்டுகிறேன்.