மலைக்குப் பின்னால் போன கிளைடர்

ஜெயிக்கிற அளவுக்கு என் கிளைடர் பறந்தது. ஆனாலும் தோற்றேன். தோற்கடித்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

செஞ்சியில் அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர் நான். பால்சா மரக் குச்சியில் சட்டம் கட்டி, மெல்லிய தாள் ஒட்டிச் செய்கிற சின்ன கிளைடர்தான் என் பைத்தியம். மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது. நூலில் கட்டி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். தலைக்கு மேலே ஏறியதும் நூலைக் கழற்றிவிட்டால், அப்புறம் காற்று விட்ட வழி. அதிக நேரம் மிதப்பது ஜெயிக்கும். ஊரில் என்னைக் 'காத்தாடி டீச்சர்' என்பார்கள்.

இந்த மாசியில் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. கோட்டைக்குக் கிழக்கே, நெல் அறுத்த வயலில். ஆளுக்கு மூன்று வாய்ப்பு, அதில் நல்லது ஒன்று கணக்கில் வரும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்காகத்தான் வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நேரம் பார்க்க ஆளை நாமே கூட்டி வர வேண்டும். "நானே வரேன்" என்றார் வீட்டுக்காரர். என்னால் நம்பவே முடியவில்லை. வீடெல்லாம் பசை, வீடெல்லாம் தாள் என்று எந்நேரமும் சலித்துக்கொள்கிற மனிதர். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவர் வேலை சர்வேயர். சொந்த மாமனார் நிலத்தையே அளந்து, வரப்பை உள்ளே தள்ளிப் போடச் சொன்னவர். சந்தோஷத்தில் அதெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் வந்தது!

முதல் தடவை நூல் கழன்றதுமே மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. இரண்டாவது தடவை நன்றாக ஏறி, திடீரென்று இறங்கி, வேலிக்கருவை முள்ளில் போய் உட்கார்ந்தது. இறக்கையில் கிழிசல். வரப்பில் உட்கார்ந்து தாள் ஒட்டினேன். பெங்களூரிலிருந்து போட்டிக்கு வந்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "பரவாயில்லை மேடம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது தடவை அவசரப்படவில்லை. இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. சூடான காற்று அங்கே மேலேறுகிறது என்று அர்த்தம். நேராக அவற்றுக்கு அடியில் ஓடிப்போய் நூலைக் கழற்றிவிட்டேன். ஏறியது பாருங்கள், பருந்தையே எட்டிப் பிடிக்கிற மாதிரி! கிழக்கிலிருந்து வீசிய காற்று அதை மெல்லக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலைப் பக்கம் தள்ளியது. நான் வயலில் வடக்கே ஓடினேன்.

நேரம் பார்ப்பவர் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. கிளைடர் கண்ணுக்கு மறைந்தால் பத்து நொடி காத்திருக்கலாம். அதற்குள் தெரியாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி, காத்திருந்த பத்தையும் கழித்துவிட வேண்டும். அவர் நின்ற இடத்திலிருந்து அது மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"எனக்குத் தெரியுதுங்க! ஓட உடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. மலையைப் பார்த்தபடியே கடிகாரத்தை அமுக்கினார். அமுக்கிய கை கீழே இறங்குவதற்குள் கிளைடர் மலையின் அந்தப் பக்கம் வெளியே வந்து வெயிலில் மின்னியது. எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

எனக்கு நான்காவது இடம். கிளைடர் எந்த ஊரில் இறங்கியதோ, கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "ரெண்டு செகண்ட் கூடக் காத்திருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்?"

"பத்துன்னா பத்துதான்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்குத்தான் நானே வந்தேன். வேற யாரா இருந்தாலும் நீ போட்ட சத்தத்துக்கு ஓட உட்டிருப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, என்னைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்தது, சத்தம் போட்டே ஜெயித்துவிடுவேன் என்பது மட்டும்தான்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "இன்னா டீச்சர், வூட்டுக்காரரே வந்தும் கெலிக்கலியா?"

அவர் வந்ததால்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"காத்து சரியில்லக்கா" என்றேன்.