விளக்குமாற்றைப் பிடுங்கியவர்

மலேசியாவின் மூவாரில் எங்கள் எதிர்வீட்டுச் சீன அங்கிள் ரப்பர் எஸ்டேட்டில் தமிழர்களோடு வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நெஞ்சுவரை ஏறிய கால்சட்டையும் வாயோரத்தில் ஒரு பல்குச்சியும்தான் அவருடைய அடையாளம்.

சீனப் புத்தாண்டின் முதல் நாள் அவர் வீட்டில் விருந்து. பச்சை மீனும் துருவிய காய்களும் கலந்த ஈ சாங் என்ற பண்டத்தை எல்லோரும் குச்சிகளால் மேலே தூக்கிப் போட்டார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிர்ஷ்டமாம். பாதி தரையில் விழுந்தது. வழவழவென்று ஒரு மீன் துண்டு என் கால்விரல் இடுக்கில் நசுங்கியது. ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்தேன்.

அங்கிள் பாய்ந்து பிடுங்கினார். "அலமாக்! இன்னிக்குக் கூட்டினா லக்கெல்லாம் வெளிய போயிரும்லா. மருமகளுக்கு இந்த வருசமாச்சும் புள்ள தங்கணும்யா."

"மீன் நாறுது அங்கிள்."

"நாறட்டும். நாளைக்குக் கூட்டுவோம்."

அன்று முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. என் தொப்பைக்கு அது முதல் அனுபவம்.

சித்திரை முதல் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி வேப்பம்பூ பச்சடி கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் கோணியது.

"சீ! வருசத்த யாராச்சும் கசப்போட தொடங்குவாங்களா? இதுல லக்கு இருக்கா?"

"இருக்குன்னுதான் சொல்றாங்க அங்கிள்."

கண்ணை மூடி மொத்தத்தையும் விழுங்கினார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

"மருமக பேருக்கு இன்னொண்ணு ஊத்துமா."

வருடாவருடம் என் பங்குப் பச்சடியைப் பூந்தொட்டியில் ஊற்றுகிறவன் நான். அந்த வருடம் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்; பூந்தொட்டிக்கு எதுவும் கிடைக்கவில்லை.