தங்கக் காதுக்காரரின் வெள்ளிக் கேபிள்

மாங்காக் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் கடை வைத்திருக்கிறேன்; ஃபான் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். காதுக்குள் செருகும் விலையுயர்ந்த இயர்போன்களும், அவற்றுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளும் கேபிள்களும் விற்கிறேன். கேபிளை மாற்றினால் பாட்டு மாறுமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அரிசிக்காரியிடம் போய்ப் பட்டினி கிடந்தால் உடம்புக்கு நல்லதா என்று கேட்கிற கதைதான்.

மாறும் என்று சொல்ல எனக்கு டாம் குவோக்-லுன் அண்ணன் இருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், ஐம்பத்திரண்டு வயது. கதவில் காதை வைத்து "மேல உருளை தேஞ்சிருக்கு" என்பார். ஏறிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். சனிக்கிழமை மதியம் என் கடையில் கூடும் கூட்டம் அவருக்குத் தங்கக் காது என்று பட்டம் கொடுத்திருந்தது. அவர் கண்ணை மூடித் தலையாட்டினால் அந்தப் பொருள் அன்றே விற்றுப்போகும். உதட்டைப் பிதுக்கினால் என் அலமாரியிலேயே கிடந்து கிழடாகும். வேலையில் மேலாளர் ஏசுவார், வீட்டில் மனைவி சாவ்-கிங் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். பாவம், அந்தப் பட்டம் ஒன்றுதான் மனுஷனுக்கு ஆஸ்தி.

ஏப்ரலில் எட்டாயிரம் டாலருக்கு எட்டுப் புரி வெள்ளிக் கேபிள் ஒன்றை வாங்கிப் போனார். மறுநாளே சாவ்-கிங் கடைக்கு வந்து நின்றாள்.

"ஏன்க்கா, இதுல துணியாவது காயப்போடலாமா?"

"ஒரு கைக்குட்டை போடலாம்மா" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் அதைக் காலுறை அலமாரிக்குள் வைத்து, இருநூறு மணி நேரம் பாட்டு ஓடவிட்டுப் பழக்கினார்; புதுக் கேபிள் பழகினால்தான் நன்றாகப் பாடுமாம். அதோடு விட்டாரா? காதுக்குமேல் வளைந்து உட்காருவதற்காகக் கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அது வெள்ளிக்கு மூச்சு முட்டவைக்கிறது என்று இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, சனிக்கிழமை வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"பாடுறவ தலைக்குள்ள இல்லப்பா" என்றார். "வெளிய நிக்கிறா. இந்தப் பக்கம் ஒரு கை தூரம், அந்தப் பக்கம் ஒரு கை தூரம்."

கூட்டம் மொய்த்துக்கொண்டது. இயர்போனை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஆளாளுக்குச் சொந்த ரப்பர் முனையை மாட்டிக் கேட்டார்கள். பல் டாக்டர் யிப்புக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அண்ணே, இது மேடை இல்ல, மைதானம்!" அன்றைக்கே மூன்று பேர் அதே கேபிளை வாங்கிப் போனார்கள்.

புதன்கிழமை மூன்று பேரும் படையெடுத்து வந்தார்கள். "எங்களுதுல மைதானத்தைக் காணோம்! அண்ணனுக்கு அசலைக் குடுத்துட்டு எங்களுக்குப் போலியைத் தள்ளிட்டியா?"

இருபது வருஷக் கடை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு அவருடைய கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஊசி வைத்த வலது பக்க முனை தலைகீழாகச் செருகியிருந்தது. உறை இருந்திருந்தால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்டிக்கொடுத்திருக்கும். அதைத்தான் வெட்டி எறிந்தாயிற்றே! ஒரு காதில் ஓசை முன்னே தள்ள, மறு காதில் பின்னே இழுத்திருக்கிறது. பாடுகிறவள் நடுவில் நிற்க முடியாமல் இரண்டு பக்கமும் சிதறியிருக்கிறாள். நேராக மாட்டிக் கொடுத்தேன்.

கேட்டவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நடுவுல வந்துட்டா, ஃபான்."

"அவ அங்கதாண்ணே நிக்கணும்."

"யாருக்கும் தெரிய வேணாம். இந்தப் பேரை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

"நீங்க வாயை மூடிக்கிட்டா நான் போலிக்காரி ஆயிடுவேண்ணே."

கேபிளைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றார். "என் மேலதான்பா தப்பு. உறையை வெட்டினேன், வலது பக்கத்தைத் தலைகீழா மாட்டிட்டேன். மைதானமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஃபான் குடுத்தது அசல்தான். இனிமே என்னை யாரும் தங்கக் காதுன்னு கூப்பிடாதீங்க."

யிப் மெல்ல எழுந்தான்.

"வலது பக்கம் மட்டுமாண்ணே? இடது பக்கம் நேராவே இருக்கணுமா?"

"ஆமா. ஏன்?"

"அக்கா, கத்தரிக்கோல் இருக்கா?"

ஐந்து நிமிஷத்தில் என் தரையெல்லாம் பிளாஸ்டிக் துண்டு. கேபிள் வாங்கிய மூன்று பேரும் வெட்டினார்கள், வாங்காதவர்களும் தங்கள் பழைய கேபிளை வெட்டினார்கள். வலதைத் திருப்பி மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். "ஆகா, வெளிய வந்துட்டா!" என்று ஒருவன் கத்தினான். "அண்ணனைத் தவிர வேற எவனுக்கு இது தோணும்!" என்று இன்னொருவன்.

"டேய், அது தப்புடா!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். யாருக்குக் கேட்கும்? எல்லார் காதும் அடைத்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது பார்க்கிறேன், மனுஷன் மூலையில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தன் வலது முனையைப் பிடுங்கித் தலைகீழாகச் செருகினார். பிறகு கண்ணை மூடித் தலையாட்டினார்.