மாற்றப்படாத கியர்பாக்ஸ்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கின் பிழைப்பை நான் கெடுத்தேன். கோபத்தில் கெடுக்கவில்லை. முறைப்படி ஆதாரம் சேர்த்துக் கெடுத்தேன்.

என்னுடையது அறுபது வயதை நெருங்கும் கார். கியர்க்கம்பு தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸில் எண்ணெய் கசியவே அவரிடம் விட்டேன். கசிவைத் தடுக்கும் சீலை மாற்ற பாக்ஸை இறக்கி, மூன்று நாள் ஷெட்டில் வைத்திருந்தார். நான்காம் நாள் அவரே ஓட்டிவந்து விட்டுப்போனார். தெருமுனை வரை நான் ஓட்டிப் பார்த்தபோது கியர் அழகாக விழுந்தது.

இரண்டு நாள் கழித்து முதல் கியர் போட்டால் 'கர்ர்' என்று பல் அரைக்கும் சத்தம். ரிவர்ஸ் அதைவிட மோசம்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வெகுகாலம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். லைனில் குறை வந்தால் எங்கள் முதல் கேள்வி, கடைசியாக மாறியது என்ன என்பதுதான். ஆள் மாறினானா, மெஷினா, பொருளா என்று அங்கிருந்து தேட ஆரம்பிப்போம். என் காரில் கடைசியாகப் பட்டது அவருடைய கை.

உடனே எல்லாம் பொருந்திவந்தன. இரண்டாம் நாள் ஷெட்டுக்குப் போயிருந்தபோது மூலையில் இதே மாதிரி இன்னொரு பாக்ஸைப் பார்த்திருந்தேன். நான் பார்த்ததும் அவர் சாக்கை இழுத்து அதன் மேல் போட்டார். இப்போது டார்ச்சோடு காருக்கடியில் படுத்துப் பார்த்தால் பாக்ஸ் பளிச்சென்று இருக்கிறது. என் பாக்ஸில் இருந்த அழுக்கு எங்கே? முதல் நாள் நன்றாக ஓடியதும் சந்தேகத்தைக் கூட்டியது. என் பாக்ஸின் நல்ல பாகங்களை எடுத்துக்கொண்டு, தேய்ந்ததைப் போட்டு ஒரு நாளைக்குத் தாங்கும்படி செய்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கூப்பிட்டதும் வந்தார்.

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கியர் போடுங்க சார்."

போட்டேன். எல்லாம் விழுந்தன.

"பாத்தீங்களா? பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. ஓடும்போதுதான் கத்துதுன்னா கிளட்ச் முழுசா வுடல. குனிஞ்சு பெடல ஒரு தபா பாத்துட்றேன்."

"வேணாம். நீ கை வைக்காத."

"இன்னா சார், சந்தேகமா?"

"ஷெட்டுல சாக்கு போட்டு மூடினியே, அது யாரோட பாக்ஸ்?"

"அது செத்த பாக்ஸ் சார். உள்ள ஒரு பல்லு ஒழுங்கா இல்ல. தூசி வுழுதேன்னு மூடுனேன். வேணும்னா வந்து வாயத் தொறந்து பாருங்க."

நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாதிப்பேர் அவரிடம்தான் வண்டி விடுவார்கள். போட்டோக்களில் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, தொழிற்சாலை அறிக்கை மாதிரியே தயாரித்தேன். "உள்பாகங்கள் மாற்றப்பட்டிருக்கச் சாத்தியம் உண்டு. உறுப்பினர்கள் கவனமாக இருக்கவும்." திருடன் என்று நான் எழுதவில்லையே என்று அப்போது திருப்தியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரத்துக்குள் ஷெட்டில் நின்ற இரண்டு கார்களைச் சொந்தக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். புதிதாக யாரும் விடவில்லை. அவர் இன்னொரு முறை வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். "பெடல மட்டும் பாத்துட்டுப் போய்ட்றேன் சார். எனக்கு வேல வரமாட்டேங்குது." நான் கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினேன்.

கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போகக் கிளம்பினோம். முந்தின நாள் மழையில் காருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, இந்தக் கார்ப்பெட் நாறுது" என்று ஓட்டுபவர் பக்கத்து விரிப்பை உருவி மதில்மேல் போட்டாள். தொழிற்சாலையில் ஏதோ புது மாடல் காருக்கு வந்து, கழித்துப்போட்ட விரிப்பு அது. என் காருக்குப் பெரிதாக இருந்ததால் மடித்துத் தைத்து, மெக்கானிக் வண்டியை விட்டுப்போன மறுநாள் நான்தான் விரித்தேன்.

முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

காரை நிறுத்தினேன். ஈரக் கார்ப்பெட்டைத் திரும்ப விரித்தேன். கர்ர். எடுத்தேன். சத்தமில்லை. மூன்று முறை செய்தேன். மடித்த இடத்தில் இரண்டு விரல் கனம். அவ்வளவு தூரத்துக்குக் கிளட்ச் பெடல் கீழே போகாமல் இருந்திருக்கிறது. கடைசியாக மாறியது என்ன என்று கேட்டபோது என் கையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"கோயிலுக்குப் போறமா, இல்ல இங்கயே வெளாடினு இருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

போனோம். முருகனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. குழுவில் மட்டும் "பிரச்சினை சரியாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்தன. அப்படியே பன்னிரண்டு நாள் ஓட்டினேன்.

பிறகு ஷெட்டுக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம், முதல் ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். நீலச் சட்டை யூனிஃபார்மில் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கார்ப்பெட்டா?" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "குரூப்புல போட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? பாக்ஸ்ல ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஏறிப்போய்விட்டார்.

அந்த வாசலிலேயே நின்று குழுவில் எழுதினேன். அவர் எதையும் மாற்றவில்லை, தவறு முழுக்க என்னுடையது, குனிந்து பார்க்கக்கூட அவரை நான் விடவில்லை. பிறகு குழுவில் இரண்டு பேர் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள்.

ஷெட் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே இப்போது வாட்டர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு பேரின் கார்களை மட்டும் வீட்டு வாசலில் வைத்துப் பார்க்கிறார். என் காரையும் பார்ப்பீர்களா என்று ஒருமுறை போனில் கேட்டேன்.

"வேற ஆள பாத்துக்கோங்க சார். நாளைக்கி எதுனா சத்தம் வந்தா மொதல்ல என்னியத்தான் நெனப்பீங்க."